நாலு விரற்கடை

பழவங்காடியிலிருந்து சாலைக் கடைத்தெரு வரைக்கும் ஜனங்கள் தம்மைப் பார்த்துக் கைகாட்டியதை ஆறுமுகநயினார் அன்று மாலை கவனிக்கத்தான் செய்தார். கவனித்ததோடு நிற்காமல் பதிலுக்குக் கையும் காட்டினார். தம் ஜீப் பிக்கப்புக்குப் பெரிய டயர் மாட்டிக்கொண்டு வரும் மனுஷன் அந்த நேரத்தில் வேறு என்னத்தை நினைப்பான்? டீக்கடைக்காரர் ஒருவர் ஆற்றிக்கொண்டிருந்த டீயை அப்படியே வைத்துவிட்டு ரோட்டுக்கு ஓடிவந்தார். சைக்கிள்காரன் ஒருவன் பக்கத்திலேயே மிதித்துக்கொண்டு வந்து, மேலே மேலே என்று விரலைக் காட்டினான். ஆமாம், மேலேதான், நாலு விரற்கடை மேலே என்று நயினார் தலையை ஆட்டினார். போலீஸ்காரர் கையைத் தூக்கினார். அதை சல்யூட் என்று எடுத்துக்கொண்டு தாமும் ஒன்று வைத்தார். பார்க்கிறவர்கள் நன்றாகப் பார்க்கட்டும் என்று வேகத்தைக்கூடக் கொஞ்சம் குறைத்தார்.

சாலைக் கடைத்தெருவில் அவருக்கு ஒரு பலசரக்கு மொத்தக்கடை. கல்லாவில் அவர் மனைவி கோமதியம்மாள் உட்கார்ந்திருந்தாள். வண்டி வந்து நின்றதும் அவள் டயரைப் பார்க்கவில்லை. அண்ணாந்து கூரையைப் பார்த்தாள்.

"யாரை வரவேக்கப் போயிட்டு வாறிய?"

நயினார் இறங்கினார். இப்போது வண்டியிலிருந்து இறங்கச் சின்னதாக ஒரு குதி குதிக்க வேண்டியிருந்தது. குதித்துத் திரும்பிப் பார்த்தால், கேபின்மேல் இருந்த இரும்புக் கேரியரில் முழு நீள மூங்கில் ஒன்று குறுக்கே மாட்டிக் கிடந்தது. அதிலிருந்து குருத்தோலைத் தோரணங்கள் இரண்டு பக்கமும் கன்னத்து முடி மாதிரி தொங்கின. நடுவில் சிவப்புத் துணி. அதில் வெள்ளைப் பஞ்சை ஒட்டி மலையாளத்தில் எழுதியிருந்தது: ஸ்வாகதம்.

அது பழவங்காடியைத் தாண்டி ரோட்டுக்குக் குறுக்கே கட்டியிருந்த வரவேற்பு வளைவு. காலையில் அதே வளைவுக்குக் கீழேதான் நயினார் ஒர்க்‌ஷாப்புக்குப் போனார். அப்போது கூரைக்கும் வளைவுக்கும் நடுவே கை நுழையும் இடம் இருந்தது. சாயங்காலம் அதே வழியில் திரும்பினார். வண்டி இடைப்பட்ட நேரத்தில் வளர்ந்துவிட்டது அவருக்குத் தெரியாத விஷயமா? பக்கத்தில் நின்று வளர்த்ததே அவர்தான். ஆனால் வளர்ந்தது கீழே அல்லவா, டயரில் அல்லவா என்றே அவர் புத்தி போயிற்று. கீழே வளர்ந்தால் மேலே முட்டும் என்பது முட்டிய பிறகுதான் தோன்றியது.

அந்த டயருக்கு ஒரு காரணம் உண்டு. வித்துராவுக்கு மேலே, எஸ்டேட் கூலிக்காரர்கள் குடியிருக்கும் லயங்களின் ஓரத்தில், பிச்சம்மாள் என்ற பெண் சின்னதாகக் கடையும் சோற்றுப்பந்தியும் நடத்தி வந்தாள். தென்காசிப் பக்கத்திலிருந்து கொழுந்து கிள்ள வந்து அங்கேயே தங்கிப்போனவள். அரிசி, பருப்பு, எண்ணெய் எல்லாம் நயினார் கடையிலிருந்துதான் அவளுக்குப் போகும். நயினாரே ஓட்டிக்கொண்டு போவார். எஸ்டேட் பாதையின் நடுவில் பன்றி முதுகுபோல ஒரு பாறை துருத்திக்கொண்டிருக்கும். டிரைவர்கள் அதற்குப் பன்னிப்பாறை என்றே பேர் வைத்திருந்தார்கள். பாரத்தோடு போனால் வண்டியின் அடிவயிறு அதில் டங்கென்று இடிக்கும். போன வருஷம், வைகாசி நடுவில் பிடிக்கும் இடவப்பாதி மழையில் இடித்த இடியில் பின்னச்சுக் குடம் உடைந்து, வண்டி பாதையிலேயே படுத்துவிட்டது. மழை பாதையை அடைத்துவிட்டது. லயத்துப் பிள்ளைகள் மழை விடுகிற வரைக்கும் பலாச்சக்கைக் கொட்டையும் மரச்சீனிக் கிழங்கும் தின்றார்கள். கடைசியில் நயினார் போனபோது பிச்சம்மாள் ஒரு வார்த்தை திட்டவில்லை. சோற்றுப்பானையை மட்டும் கவிழ்த்து வைத்திருந்தாள். அந்தப் பானையின் கரிபிடித்த அடிப்பக்கம் அவர் கண்ணை விட்டுப் போகவே இல்லை.

ஆகவே, இந்த எழுபத்தெட்டாம் வருஷம் மழைக்கு முன்னாலேயே மெக்கானிக் நேசமணியிடம் போய் நின்றார். நேசமணி பட்டாள ஏலத்திலிருந்து நாலு முரட்டு டயர் பிடித்து வந்தான். ஸ்பிரிங்குக்கு ஒவ்வொரு பட்டை கூட்டினான். திருப்பும்போது டயர் உரசாமல் மட்கார்டு ஓரத்தை வெட்டினான். எல்லாம் சேர்ந்து வண்டி நாலு விரற்கடை உயர்ந்தது. "அண்ணாச்சி, இது இப்பம் வண்டியில்ல, ஆனையாக்கும்," என்றான். ஆனை பிறந்த அன்றைக்கே பந்தலைப் பிடுங்கிக்கொண்டு வரும் என்று அவன் சொல்லவில்லை.

மறுநாள் காலை நயினார் செய்தது இன்னொரு யோக்கியமான முட்டாள்தனம். அடுத்தவன் பொருள் நமக்கெதற்கு என்று வளைவை அதே வண்டியில் ஏற்றிக்கொண்டு, சொந்தக்காரரைத் தேடிக் கிளம்பினார். யோசித்துப் பார்த்தால், திருடன்கூட இவ்வளவு தடயத்தோடு போலீஸ் ஸ்டேஷனுக்குப் போக மாட்டான்.

வளைவு ஒரு சர்க்கார் ஆபீசினுடையது. வாகன உருவமாற்றப் பரிசீலனைப் பிரிவு என்று பெயர். அந்த வாரம்தான் மந்திரி வந்து ரிப்பன் வெட்டியிருந்தார். புதுச் சுண்ணாம்பு வாசனை, புது நாற்காலி, புது மசிக்கூடு. வேலைதான் வரவில்லை. உருவம் மாற்றிய வண்டியை யாராவது கொண்டுவந்தால்தானே பரிசீலிக்க முடியும்? ஊரில் வண்டியை மாற்றுகிறவன் எவனும் ஆபீசில் சொல்லிக்கொண்டு மாற்றுவதில்லை. ரிப்பன் வெட்டின நாள் முதல் எட்டுப்பத்துப் பேர் மின்விசிறியைப் பரிசீலித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

அந்த வாசலில் நயினாரின் வண்டி, தலையில் ஸ்வாகதத்தோடு வந்து நின்றது.

ஆபீசே வெளியே வந்துவிட்டது. கிளார்க் நீலகண்டன் வண்டியைச் சுற்றிவந்து, டயரைத் தொட்டுப் பார்த்து, உள்ளே ஓடினார். நயினாருக்கு நாற்காலி போட்டார்கள். எலுமிச்சை சர்பத் கொடுத்தார்கள். பியூன் வன்னியராஜ் பக்கத்தில் நின்று விசிறினார். ஒரு வளைவைத் திருப்பிக் கொடுத்ததற்கு இவ்வளவா என்று நயினார் கூசிப்போனார். சர்க்காரைப் பற்றி ஜனங்கள் வீணாகக் குறை சொல்கிறார்கள் என்றுகூட நினைத்தார். சர்பத் தீர்வதற்குள் நீலகண்டன் வந்து வண்டிச் சாவியை வாங்கிக்கொண்டார்.

காரணத்தைப் பிரிவின் தலைவர் சேஷன் விளக்கினார். சேஷன் கோட்டைக்குள்ளே அக்ரகாரத்துக்காரர். ஆனால் ஆபீசில் அவர் வாயிலிருந்து வீட்டுத் தமிழ் தவறியும் வராது. ஆங்கிலம் பேசுவார். கெஜட் மலையாளம் பேசுவார். ரொம்பவும் மனமிரங்கினால் அச்சடித்த தமிழ் பேசுவார். நயினாருக்கு அச்சடித்தது கிடைத்தது.

"அந்த வளைவின் உயரத்தை நிர்ணயித்தது இந்த அலுவலகம். சட்டப்படியான எந்த வாகனமும் அதன் கீழே தாராளமாகச் செல்லலாம் என்று நானே கையொப்பமிட்டிருக்கிறேன். உமது வாகனம் செல்லவில்லை. ஆகையால் வளைவு தவறா, வாகனம் தவறா என்பதில் சந்தேகத்துக்கே இடமில்லை."

நயினார் ஒப்புக்கொண்டார். தவறு தம்முடையதுதான் என்றார். வளைவைப் புதிதாகவே கட்டித் தருவதாகச் சொன்னார். ஒன்றே ஒன்றுதான் தெரிய வேண்டும், இந்த டயரோடு வண்டியை ஓட்டலாமா, கூடாதா? கூடாதென்றால் இன்றைக்கே கழற்றிவிடுகிறேன், மழைக்கு முன்னால் வேறு வழி பார்க்க வேண்டும், மேலே சோற்றுக்குக் காத்திருக்கிறார்கள் என்றார்.

சேஷன் புன்னகை செய்தார். இவ்வளவு பெரிய கேள்வியை இவ்வளவு சின்ன வாயால் கேட்கிறானே என்பது போன்ற புன்னகை அது.

நயினார் வெளியே வந்து நீலகண்டனிடம் கேட்டார். "நயினாரே, அது என்றெ செக்‌ஷன் அல்லா," என்றார் நீலகண்டன். அவர் செக்‌ஷனில் சக்கரங்களின் எண்ணிக்கை மட்டும்தான் பார்ப்பார்கள். நாலு இருந்தது, நாலு இருக்கிறது, அந்த வகையில் நயினார் மீது ஒரு குற்றமும் இல்லை என்று அவர் ஆறுதல் சொன்னார். உயரம் பார்க்கும் செக்‌ஷன் எதிர் மேஜை. எதிர் மேஜைக்காரர், டயர் என்பது வண்டி நிற்கிற இடம்தானே தவிர வண்டி அல்ல, நிற்கிற இடம் வேறு செக்‌ஷன் என்றார். அந்த செக்‌ஷனுக்கு இன்னும் ஆள் போடவில்லை.

அப்படியானால் டயரைக் கழற்றிவிடுகிறேன் என்றார் நயினார். எல்லோரும் பதறிவிட்டார்கள். கழற்றினால் எதைப் பரிசீலிப்பது? நீலகண்டன் அவரைத் தனியே கூட்டிப்போய்த் தோளில் கை வைத்தார். குரலில் பாசமிருந்தது.

"நீங்க எங்களுக்கு ஐஸ்வர்யம் அல்லே? அப்படிப் பறயப்படாது."

இப்படியாக நயினார் தினமும் காலையில் கடையைக் கோமதியம்மாளிடம் விட்டுவிட்டு ஆபீசுக்குப் போய்வரத் தொடங்கினார். வண்டி முற்றத்திலேயே நின்றது. அதன் கீழே இப்போது விசாலமாக நிழல் விழுந்ததால் பியூன் வன்னியராஜ் மத்தியானத்தில் அங்கேதான் படுப்பார். ஆபீசில் அந்த வண்டியால் நேரடியாகப் பலன் பெற்றவர் அவர் ஒருவர்தான். பாவம், அவருக்கும் அந்த நிம்மதி நிலைக்கவில்லை.

பழைய டயரையும் புது டயரையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் மாற்றம் என்பது நிரூபணமாகும் என்று ஒரு நாள் சேஷன் முடிவு செய்தார். பழைய டயர்களை நயினார் பழவங்காடியில் செருப்புத் தைக்கிறவரிடம் கொடுத்துவிட்டிருந்தார். அவரைக் கூட்டிவந்து விசாரித்தார்கள். அவர் அதற்குள் அவ்வளவையும் செருப்பாக வெட்டி விற்றுத் தீர்த்திருந்தார். யார் யாருக்கு விற்றாய் என்று அதட்டினார்கள். அவர் சுற்றிலும் பார்த்துவிட்டு, வன்னியராஜின் காலைக் காட்டினார்.

அன்றைக்கே அந்தச் செருப்பு ஜோடி சாட்சிப் பொருளாயிற்று. சீல் வைத்து பீரோவில் பூட்டினார்கள். முழு டயரின் வட்டத்தைச் செருப்பின் வளைவிலிருந்து கணக்கிட ஒரு கிளார்க்கை நியமித்தார்கள். வழக்கு முடிகிற வரைக்கும் வன்னியராஜ் கொதிக்கிற முற்றத்தில் வெறுங்காலோடு கோப்பு சுமந்தார். நயினார் மனம் கேட்காமல் தம் செருப்பைக் கழற்றிக் கொடுக்கப் போனார். வேண்டாம் அண்ணாச்சி, அதையும் பிடுங்கிருவாங்க என்றார் வன்னியராஜ்.

செருப்பை ஆராய்ந்த கிளார்க் சாமானியப்பட்டவர் அல்ல. பெரிய சக்கரம் அதே தூரத்துக்குக் குறைவாகத்தான் சுற்றும், ஆகவே மீட்டரில் தூரம் குறைந்துதான் விழும் என்பதை அவர் கண்டுபிடித்தார். அதுவரைக்கும் சரி. ஆனால் அந்தப்படிக்குக் கணக்குப் போட்டால் வித்துரா தலைநகரத்துக்கு நெருங்கி வந்துவிட்டது என்றும், இதே டயரில் ஓடிக்கொண்டிருந்தால் இன்னும் நெருங்கும் அபாயம் உண்டு என்றும் அறிக்கை கொடுத்தார். அதை சர்வே இலாகாவுக்கு அனுப்பினார்கள். சர்வே இலாகா, வித்துரா இருந்த இடத்தில்தான் இருக்கிறதா என்று பார்த்துவர ஆளனுப்பியது. அவர் மீன்குழம்புச் சோறு தின்றுவிட்டு வந்து, இருக்கிறது என்றார்.

ராத்திரி சாப்பாட்டில் இதையெல்லாம் சொன்னபோது கோமதியம்மாள் சிரிக்கவில்லை. மேற்கே கடல் பக்கம் மேகம் கட்டத் தொடங்கியிருந்தது. "பிச்சம்மா ஆள் விட்டிருந்தா," என்று மட்டும் சொன்னாள். நயினார் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

பிறகு உயரத்தை அளக்கும் படலம் வந்தது. அளப்பதற்குச் சமதளம் வேண்டும். ஆபீஸ் மேட்டில் கட்டியது, முற்றம் முழுக்கச் சரிவு. அந்த வளாகத்தில் சமதளம் என்று இருந்தது சேஷனின் கார் நிற்கும் போர்ட்டிகோ மட்டும். வண்டியை அங்கே நகர்த்தினார்கள். போர்ட்டிகோவின் உத்தரம் தாழ்வு. வண்டி நுழையவில்லை. நுழையவில்லை என்பதையே அளவாக எழுதிக்கொள்ளலாமா என்று யோசித்தார்கள். கடைசியில் நீலகண்டனுக்கு ஒரு யுக்தி தோன்றியது. நாலு டயரிலிருந்தும் காற்றைப் பிடுங்கிவிட்டார்கள். வண்டி ஆனை மண்டியிடுவது போல உட்கார்ந்தது. எல்லோரும் சேர்ந்து உள்ளே தள்ளினார்கள். அளந்தார்கள்.

சேஷனே நாடாவைப் பிடித்தார். அளவு அனுமதிக்குள் இருந்தது. கைதட்டினார்கள். நயினாருக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த இடத்திலேயே சான்றிதழ் எழுதிக் கையில் கொடுத்தார்கள். மேற்படி வாகனத்தின் உயரம் காற்றில்லாத நிலையில் ஆட்சேபத்துக்குரியதன்று என்று அதில் இருந்தது.

அப்படியானால் ஓட்டலாமா என்று கேட்டார்.

"காற்றில்லாமே ஓடுமெங்கில் ஓட்டிக்கோங்க," என்றார் நீலகண்டன்.

வண்டியை மறுபடி வெளியே தள்ளிவிட்டு, நயினார் கைப்பம்பால் நாலு டயருக்கும் காற்றடித்தார். அதற்கு மத்தியானம் முழுக்க ஆயிற்று. மாற்றி அடிக்க வந்த ஒரே ஆள் வன்னியராஜ். அவருக்கும் கால் சுட்டதால் ஒற்றைக் காலில் மாறி மாறி நின்றுதான் அடித்தார்.

காற்றோடு அளக்க வேண்டுமென்றால் பாரத்தோடும் அளக்க வேண்டும் என்று சேஷனுக்கு அடுத்தபடியாகத் தோன்றியது. வெறும் வண்டியின் உயரம் அகங்காரத்தின் உயரம், பாரம் ஏறினால்தான் அதன் உண்மையான உயரம் தெரியும் என்று ஒரு சிறு பிரசங்கமே செய்தார். பாரத்துக்கு எங்கே போவது? ஊழியர்களை வண்டியில் ஏறி உட்காரச் சொன்னார். உட்கார்ந்தார்கள். பட்டைகள் ஒடுங்கின. சேஷன் நாடாவோடு குனிந்தார். அந்தச் சமயம் பார்த்து உள்ளேயிருந்த நீலகண்டனுக்குத் தாம் ஊழியர் சங்கத்தின் கிளைச் செயலாளர் என்பது ஞாபகம் வந்துவிட்டது.

எழுத்துவேலைக்கு எடுத்த ஆளைப் பாரமாக உபயோகிப்பது எந்தச் சட்டத்தில் இருக்கிறது? அப்படி உபயோகித்தால் எடைக்கேற்ற படி எங்கே? எடை கூடினவருக்கும் குறைந்தவருக்கும் ஒரே படியா? வண்டியிலிருந்து குதித்தவர்கள் குதித்த கையோடு வாசலில் உட்கார்ந்துவிட்டார்கள். நீலகண்டன் முழக்கம் எடுத்துக்கொடுத்தார்.

"பாரமல்லா, பாரமல்லா! ஞங்ஙள் வெறும் பாரமல்லா!"

இந்த ஆபீசைப் பற்றி இதற்கு மறுப்பாக ஜனங்களிடம் ஏதாவது கருத்து இருந்திருக்கலாம். யாரும் கேட்கவில்லை. முழக்கத்துக்கு நடுவில் நீலகண்டன் எழுந்து வந்து, வெயிலில் நிற்காதீங்க நயினாரே என்று அவரை நல்ல நிழலில் நாற்காலி போட்டு உட்காரவைத்துவிட்டு, மறுபடி போய் முஷ்டியை உயர்த்தினார். அவர் கெட்டவர் இல்லை. அந்த ஆபீசில் யாருமே கெட்டவர் இல்லை. அதுதான் நயினாருக்குப் பெரிய கஷ்டமாக இருந்தது. கெட்டவனாக ஒருத்தன் இருந்தால் அவனிடம் போயாவது ஏதாவது கொடுத்துக் காரியத்தை முடித்திருக்கலாம்.

மறுநாள் பேச்சுவார்த்தை. அதில் சேஷன் ஆற்றிய உரையை நயினார் ஜன்னல் பக்கம் நின்று கேட்டார்.

"உயரத்துக்கு இந்த அலுவலகம் விரோதி அல்ல. உயர்வதுதானே நாட்டின் லட்சியம்? எங்களுக்குத் தெரியாமல் உயர்வதைத்தான் எங்களால் பொறுக்க முடியாது. இன்று ஒரு வண்டி நாலு விரற்கடை உயர்ந்தது. நாளை இந்த ஊரில் ஆளாளுக்கு நாலு விரற்கடை உயர்ந்துவிட்டால், எங்கள் நாற்காலியில் இருந்துகொண்டு நாங்கள் யாரைக் குனிந்து பார்ப்பது? ஆகவே அவசரப்படாதீர்கள். பதில் சொல்வது எளிது. எந்தச் சிறுபிள்ளையும் பதில் சொல்லிவிடும். பதில் சொல்லாமல் இருப்பதற்குத்தான் படிப்பும் அனுபவமும் வேண்டும்."

ஊழியர்கள் போராட்டத்தை மறந்து கைதட்டினார்கள். நயினாரும் தட்டினார். கை தன்னால் சேர்ந்துவிட்டது.

அன்றிரவு முதல் தூறல் விழுந்தது. கடையில் பிச்சம்மாளுக்கான மூட்டைகள் கட்டி அடுக்கியபடி கிடந்தன. கோமதியம்மாள் அவற்றைப் பார்த்துக்கொண்டே, "பாரந்தானே வேணுங்காங்க? அரிசி மூட்டைய ஏத்துங்க. அது சங்கம் வைக்காது," என்றாள்.

நயினார் தந்திரக்காரர் அல்ல. அவள் சொன்னதை அப்படியே போய் ஆபீசில் சொன்னார். சொன்னவர், மூட்டையை எஸ்டேட் பாதையிலேயே கொண்டுபோய் அளந்தால் பாதையும் தெரியும் பாரமும் தெரியுமே என்று தாமாகவும் ஒரு வார்த்தை சேர்த்தார். மின்விசிறியைப் பரிசீலித்துக்கொண்டிருந்தவர்கள் தலையைத் திருப்பினார்கள். பிறகு சேஷன் மெல்ல எழுந்தார். ஸ்தல பரிசோதனை என்றார். அந்தச் சொல்லைச் சொல்லும்போது அவர் முகத்தில் விளக்கேற்றின மாதிரி வெளிச்சம் வந்தது. ஆபீஸ் தொடங்கியதிலிருந்து யாரும் ஸ்தலம் எதற்கும் போனதில்லை.

பரிசோதனை செய்யும் வண்டி முன்னால் போக வேண்டும், பரிசோதிக்கப்படும் வண்டி பின்னால் வர வேண்டும் என்பது மரபாம். ஆகவே ஆபீஸ் ஜீப்பில் சேஷன், அதை ஓட்டிக்கொண்டு நீலகண்டன், அளவு நாடா. பின்னால் அரிசி, பருப்பு, எண்ணெய் டின்களோடு நயினார், பக்கத்தில் வன்னியராஜ். வித்துரா தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. இரண்டு பக்கமும் தேயிலை நனைந்து கறுத்துக் கிடந்தது. பாதை சிவந்த குழம்பாக ஓடிவந்தது.

பன்னிப்பாறை வந்தது. முன்னால் போன ஆபீஸ் ஜீப் அதன்மேல் ஏறி, டங்கென்று ஒரு சத்தம் கொடுத்து, அங்கேயே உட்கார்ந்துவிட்டது. சக்கரங்கள் ஆகாயத்தில் சுற்றின. கீழே எண்ணெய் ஒழுகி மழைத்தண்ணீரில் வானவில்லாகப் பரந்தது. நயினாருக்கு அந்தச் சத்தம் தம் சொந்த வயிற்றில் கேட்டது. போன வருஷம் கேட்ட அதே சத்தம்.

கயிறு கட்டிப் பின்னால் இழுத்து ஜீப்பை ஓரம் ஒதுக்கினார். சேஷன் குடையோடு வந்து பிக்கப்பில் ஏறப் பார்த்தார். கால் எட்டவில்லை. நாலு விரற்கடை குறைந்தது. நயினார் இறங்கி வந்து கை கொடுத்தார். நீலகண்டனும் வன்னியராஜும் பின்னால் தார்ப்பாயைத் தூக்கிக்கொண்டு மூட்டைகளுக்கு மேல் சுருண்டார்கள். இப்போது மூட்டையும் ஊழியரும் சேர்ந்தே பாரமாக இருந்தார்கள். முழக்கம் ஒன்றும் கேட்கவில்லை.

நயினார் கியரை மாற்றினார். பாறையை நெருங்க நெருங்கப் பல்லைக் கடித்துக்கொண்டு அந்தச் சத்தத்துக்காகக் காத்திருந்தார். இவ்வளவு வருஷப் பழக்கம். பக்கத்தில் சேஷனும் முன்பலகையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தார். வண்டி ஏறியது, ஒரு பக்கம் சாய்ந்தது, இறங்கியது. சத்தம் வரவில்லை.

கொஞ்ச தூரம் போனபிறகு சேஷன் கண்ணைத் திறந்தார். பாறை எப்போது வரும் என்று கேட்டார். போயிட்டுது சார் என்றார் நயினார்.

சேஷன் திரும்பிப் பின்னால் எட்டிப் பார்த்தார். அப்புறம் முன்பலகையிலிருந்து ஒவ்வொரு கையாக எடுத்தார்.

பிச்சம்மாள் ஓலைச் சார்ப்புக்கு வெளியிலேயே நின்றுகொண்டிருந்தாள். தலையில் ஒரு சாக்கைக் கொங்காணியாக மடித்துப் போட்டிருந்தாள். லயத்துப் பிள்ளைகள் வாசல்களில் நின்று டயரை வேடிக்கை பார்த்தன. மூட்டைகளோடு மூட்டையாக இறங்கின நீலகண்டனைப் பார்த்து, "இவுகளும் சரக்கா அண்ணாச்சி?" என்று கேட்டாள். பரிசோதிக்க வந்த அதிகாரிகள் என்று நயினார் சொன்னதும், எல்லோரையும் அடுப்போரம் உட்காரவைத்துப் பால் இல்லாத கட்டன்சாயா போட்டுக் கொடுத்தாள். ஒரு மூட்டையைப் பிரித்தாள். சோற்றுப்பானை அடுப்புக்குப் பக்கத்தில் கவிழ்ந்து கிடந்தது. அதை நிமிர்த்திக் கழுவித் தண்ணீர் விட்டு ஏற்றினாள். நயினார் அந்தப் பக்கம் பார்க்காமல் சாயாவை ஊதினார்.

நீலகண்டன் நாடாவை எடுத்தார். பானையைப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்துவிட்டார். யாரும் அளக்கச் சொல்லவில்லை.

பிச்சம்மாள் நாழியில் அரிசியை அள்ளினாள். பானைக்கு மேலே பிடித்தபடி நின்று, சேஷனைப் பார்த்தாள்.

"ஐயா, ஒண்ணு கேக்கணும். இந்த வண்டி மழை முழுக்க வருமா, வராதா? வரும்னா பிள்ளைகளுக்கு வயிறாரப் போடுவேன். வராதுன்னா இன்னைக்கே அளந்து போடணும்."

சேஷன் நிமிர்ந்து உட்கார்ந்தார். "இவ்விஷயம் தற்போது பரிசீலனையின் இரண்டாம் கட்டத்தில்..." என்று தொடங்கினார். பிச்சம்மாள் நாழியை இறக்கவில்லை. அவளுக்கு அந்தத் தமிழ் புரியவில்லை. புரியும் தமிழில் வரட்டும் என்று அவள் பாட்டுக்குக் காத்திருந்தாள். உலை கொதித்தது. கூரையில் மழை விழுந்துகொண்டே இருந்தது. பிள்ளைகள் டயரை விட்டுவிட்டு வந்து நாழியைப் பார்த்தன.

சேஷன் கண்ணாடியைக் கழற்றினார். ஈரவேட்டியில் துடைத்தார், அது இன்னும் மங்கிற்று. நயினார் பக்கம் திரும்பினார்.

"நேக்குத் தெரியாது ஓய்."

நயினார் சாயாவைக் கீழே வைத்துவிட்டு அவரைப் பார்த்தார். அவ்வளவு நாளில் அந்த மனுஷர் வீட்டுக் குரலில் பேசி அவர் கேட்டதே இல்லை.

"யாருக்கும் தெரியாது. அப்படி ஒரு ரூலே இன்னும் கிடையாது. அதை எழுதறதுக்குத்தான் எங்களை உட்கார வச்சிருக்கா." சேஷன் பானையைப் பார்த்தார், பிறகு வெளியே நனைந்துகொண்டு நின்ற வண்டியைப் பார்த்தார். "எழுதி முடிக்கற வரைக்கும் ஓட்டும் ஓய். நாங்க எழுதி முடிக்க மாட்டோம்."

பிச்சம்மாள் நாழியைக் கவிழ்த்தாள். இன்னொரு நாழியும் அள்ளினாள்.